ஐந்தடி உயரத்தில் பெரிய கோயில்: கட்டடப் படத்தைப் பெரிய அச்சுக்குத் தயார் செய்வது

மலையையோ கடலையோ பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினால் பார்க்கிறவர் நாலடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். கட்டடத்தை மாட்டினால் கிட்டே வருவார். தூணின் பட்டையைப் பார்ப்பார், கல்லும் கல்லும் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பார், எழுத்து இருந்தால் வாசிக்க முயல்வார், போய்வந்த இடமென்றால் தான் நின்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். கட்டடப் படத்தைத் திருத்தும்போது எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்தே எடுக்க வேண்டியது. திரையில் நன்றாக இருக்கிற படம் ஐந்தடிக்குப் போனதும் பல்லிளிப்பதற்குக் காரணம், அதைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்காததுதான்.

பார்க்கும் தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 3438 என்ற எண்ணைத் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், அந்தத் தூரத்தில் சராசரிக் கண்ணால் பிரித்தறியக்கூடிய பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது, வரும். 30 அடியில் நிற்கும் ஃப்ளெக்ஸுக்கு 10 பிபிஐகூடப் போதும் என்கிறது கணக்கு. 5 அடிக்கு 57, 3 அடிக்கு 95, ஓரடிக்கு 286. பெரிய படம், தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள், 100 போதும் என்று அச்சகத்தில் சொன்னால், அது விளம்பரப் பலகைக்குச் சரி. வரவேற்பறையிலோ காட்சிக்கூடத்திலோ மாட்டும் கட்டடப் படத்துக்கு 180-க்குக் கீழே இறங்கக் கூடாது. 240 இருந்தால் நிம்மதி.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 40-க்கு 60 அங்குலம், நெட்டுவாக்கில், ஒரு மேட் (பளபளப்பில்லாத) காகித அச்சு. 45 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் நீளப் பக்கம் 8256 பிக்சல். 60-ஆல் வகுத்தால் 137. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் விமானத்தை நேராக நிமிர்த்திய பிறகு இந்த 137 மிஞ்சாது.

விமானத்தின் உயரம் 216 அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கோயில் வளாகம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 240 மீட்டர், தெற்கு வடக்காக அதில் பாதி. தெற்குத் திருச்சுற்றிலிருந்து எடுத்தால், அடிச்சுவர் 40 மீட்டரில் இருக்கிறதென்று வைத்துக்கொண்டாலும், சிகரம் கண் மட்டத்திலிருந்து 50 பாகைக்குக் கொஞ்சம் குறைவான கோணத்தில் மேலே இருக்கும். முழு விமானமும் விழ வேண்டுமானால் கேமராவை 24 பாகையாவது அண்ணாந்து பிடிக்க வேண்டும். அப்படி எடுத்த படத்தில் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே போகப் போக உள்ளே சாயும். மென்பொருளில் அவற்றை நிமிர்த்தும்போது நடப்பது இழுவை: அடிப்பகுதியோடு ஒப்பிட்டால் சிகரம் அகலவாக்கில் சுமார் ஒன்றரை மடங்கும், உயரவாக்கில் இரண்டேகால் மடங்குக்கு மேலும் இழுபடும். ஓரங்கள் முக்கோணமாக வெளியே போய், வெட்டியது போக முக்கால் பங்கு மிஞ்சினால் உண்டு. 8256 என்பது 6200 ஆகிவிடும். 103 பிபிஐ. அதிலும் சிகரத்தில் இருக்கும் உண்மையான விவரம் அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. பெரிய அச்சில் கோபுரத்தின் அடி கூர்மையாகவும் தலை மங்கலாகவும் தெரிந்தால் லென்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் இந்த இழுவைதான்.

இதற்கு முறையான மருந்து ஷிஃப்ட் லென்ஸ். கேனானின் 17, 24 மில்லிமீட்டர் டிஎஸ்-இ லென்ஸ்களும் நிக்கானின் 19 மில்லிமீட்டர் பிசி லென்ஸும் இந்த வேலைக்கே செய்தவை. கேமரா சாயாமல் லென்ஸ் மட்டும் மேலே நகரும், பிறகு இழுக்க வேண்டியிருக்காது. ஆனாலும் 24 மில்லிமீட்டரில் எடுத்த ஒற்றைப் படம் 137 பிபிஐயைத் தாண்டாது.

இன்னொரு வழி துண்டு துண்டாக எடுத்துத் தைப்பது. 85 மில்லிமீட்டர் லென்ஸை நெட்டுவாக்கில் பிடித்து 3 வரிசை, வரிசைக்கு 3 அல்லது 4 படம், ஒன்றின் மேல் ஒன்று 35 சதவீதம் விழும்படி எடுத்தால் விமானம் முழுக்க அடங்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டாலும் விமானம் தூரத்தில் இருப்பதால் கையில் பிடித்து எடுத்தாலே தைத்துவிடலாம். முன்னால் ஒரு விளக்குக் கம்பமோ மரக்கிளையோ குறுக்கே வந்தால்தான் தையல் பிசகும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட வேண்டும். எஃப்/8, ஷட்டர் 1/250-க்குக் குறையாமல். மேகம் ஓடுகிற நாளென்றால் வானம் இருக்கும் வரிசையை முதலில், விடாமல், வேகமாக எடுத்துவிட வேண்டும். தைக்கும்போது பர்ஸ்பெக்டிவ் ப்ரொஜெக்ஷனைத் தேர்ந்தெடுத்தால் நேர்கோடுகள் நேராகவே வரும். இப்படி நிமிர்த்திய படத்தின் உயரம் 23,000 பிக்சலுக்கு மேலே போகும். 60 அங்குலத்துக்கு 390 பிபிஐ. இழுவைக்குக் கழித்துப் பார்த்தாலும் சிகரத்தில் 160-க்குக் குறையாது.

இத்தனை பாடு எதற்கு, ஏஐ மென்பொருளில் கொடுத்தால் நாலு மடங்காகப் பெரிதாக்கித் தராதா என்று கேட்பார்கள். பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிலும் இராசராசன் காலக் கல்வெட்டுகள். 103 பிபிஐ படத்தில் ஒரு பிக்சல் என்பது கோயிலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கல்லில் ஓர் எழுத்து 4 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் படத்தில் அதற்குக் கிடைப்பது 4 பிக்சல். 4 பிக்சலில் எந்த எழுத்தும் இருக்காது, ஒரு கீறல்தான் இருக்கும். ஏஐ அந்தக் கீறலை எழுத்து என்று ஊகித்து, எழுத்துப் போலவே எதையோ வரைந்து வைக்கும். இரண்டு சுழி, ஒரு கால், ஒரு கொக்கி. எட்ட நின்றால் கல்வெட்டு, கிட்டே போனால் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல். கோட்டத்துச் (சுவர் மாடத்து) சிற்பங்களின் முகத்துக்கும் இதே கதி. தேய்ந்த மூக்குக்குக் கூர் வந்திருக்கும், கல்லில் இல்லாத இமை முளைத்திருக்கும். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லில் நாம் புதிதாக எழுதிச் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். அதே கல்வெட்டை 390 பிபிஐ தையல் படத்தில் பார்த்தால் ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டர், எழுத்துக்கு 13 பிக்சல். வரி வரியாகக் கல்வெட்டு ஓடுவது தெரியும், வெயில் சாய்வாக விழுந்திருந்தால் சில எழுத்தை வாசிக்கவும் முடியும்.

பெரிதாக்கியே தீர வேண்டும் என்றால் 2021-இல் அடோபியின் கேமரா ரா மென்பொருளில் வந்த சூப்பர் ரெசல்யூஷன் ஓரளவு அடக்கமானது. பக்கத்துக்கு இரண்டு மடங்கு, மொத்தம் நான்கு மடங்கு பிக்சல். வெறும் சுவர், வானம், வளைவுகளின் விளிம்பு ஆகியவற்றுக்குக் கை கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபோட்டோஷாப்பின் சாதாரண பைக்யூபிக் முறையில் பெரிதாக்கி, கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப் புள்ளிகள்) தூவிவிடுவதே நேர்மையான வழி. மங்கலை மங்கலாக விட்டால் கண் மன்னிக்கும்.

இனி திருத்தும் வரிசை. முதலில் லென்ஸின் வளைவைச் சரிசெய்யும் லென்ஸ் ப்ரொஃபைல், பிறகுதான் நிமிர்த்தல். மாற்றிச் செய்தால் வளைந்த கோட்டை நிமிர்த்தப் போய் இரண்டும் கலந்து, பிறகு எதுவும் நேராகாது. விமானம் பிரமிடாகக் குறுகிப் போவதால் அதன் விளிம்பை வைத்து நிமிர்த்த முடியாது, தானாகச் செய்யவிட்டால் மென்பொருள் குழம்பும். அடியில் இரண்டு தளத்துக்குச் சுவர் செங்குத்தாக எழுகிறது. அந்தச் சுவரின் அரைத்தூண்களில் இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று பிடித்து, கைடட் அப்ரைட்டில் (நாம் போடும் கோட்டை வைத்து நிமிர்த்தும் கருவி) கோடு போட வேண்டும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கல்லின் விளிம்போடு ஒட்டிப் போட வேண்டும். நிமிர்த்திய பிறகு கட்டடம் ஒல்லியாக உயர்ந்தோ குட்டையாக அமுங்கியோ போயிருக்கும். ஆஸ்பெக்ட் ஸ்லைடர் இருப்பது அதற்குத்தான். எதை வைத்துச் சரிபார்ப்பது என்றால், வட்டமானது ஏதாவது, அல்லது அளவு வரைபடம். நேராகத் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த ஒரு படம் கையில் இருந்தால் அதுவும் போதும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சரிபார்ப்பைப் பலர் செய்வதில்லை. அச்சில் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று கட்டடத்தை அறிந்தவர்கள் சொல்வார்கள், என்னவென்று சொல்லத் தெரியாது.

நூறு சதவீதம் நிமிர்த்தவும் வேண்டாம். மிக அண்ணாந்து எடுத்த படத்தில் கோடுகளை முழுக்க இணையாக்கினால் தலை கனத்து முன்னால் சாய்வது போலத் தோன்றும். 90 முதல் 95 சதவீதத்தில் நிறுத்தினால் கண் அதை நேர் என்றே எடுத்துக்கொள்ளும். வரைபடம் போல நேருக்கு நேர் எடுத்த முகப்புக்கு மட்டும் முழுமையாக நிமிர்த்த வேண்டும், அங்கே ஒரு பாகை சாய்ந்தாலும் சட்டகத்தின் விளிம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து நிறப்பிசிறு. கலசத்துக்கும் வானத்துக்கும் நடுவே ஊதாவாகவோ பச்சையாகவோ ஒரு மெல்லிய கோடு. 100 பிபிஐ அச்சில் இரண்டு பிக்சல் பிசிறு என்பது காகிதத்தில் அரை மில்லிமீட்டர், கண்ணில் படும். பிசிறு நீக்கும் ஸ்லைடரை மொத்தப் படத்துக்கும் ஏற்றினால் சுதைச் சிற்பங்களின் ஊதாவும் பச்சையும் சாம்பலாகிவிடும். கோபுரங்களில் இதைக் கவனிக்க வேண்டும். மாஸ்க் போட்டு, அதாவது மற்ற இடத்தை மறைத்துவிட்டு, விளிம்பில் மட்டும் செய்யுங்கள்.

தூசிப் புள்ளி திரையில் தெரியாது, அச்சில் வானத்தில் கொசு போல உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, மூன்று நான்கு முறை ஏறி இறங்கும்படி கோட்டை வளைத்தால் வானத்தில் இருக்கிற அத்தனை புள்ளியும் எழுந்து நிற்கும். நீக்கிவிட்டு அந்த லேயரை அழித்துவிடலாம். வானத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, 100 சதவீதத்தில் ஒரு முறை ஊர்ந்து பார்ப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்பதில் நான் வைத்திருக்கும் கோடு இது: நாளைக் காலையில் யாராவது எடுத்துப் போய்விடக்கூடியதை நீக்கலாம், கட்டடத்தின் உடம்பில் காலம் எழுதியதை நீக்கக் கூடாது. இரும்புத் தடுப்பு, குப்பைத் தொட்டி, அறிவிப்புப் பலகை, கேபிள் ஒயர், தொங்கும் டியூப்லைட் போகலாம். மழைநீர் வழிந்த கறை, கல்லில் படிந்த கருமை, உடைந்த கபோத (கல் இறவாரத்து) விளிம்பு இருக்க வேண்டும். ஃப்ளட் லைட்டும் இடிதாங்கிக் கம்பியும் நடுவில் நிற்கின்றன. அலங்காரத்துக்கான அச்சென்றால் நீக்கலாம், ஆவணத்துக்கென்றால் தொடக் கூடாது. கல்லிடுக்கில் முளைத்த செடியை நீக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆவணத்தில் அது கட்டடத்தின் நிலையைச் சொல்லும் சான்று, விட்டுவிடுங்கள்.

ஒயரை நீக்குவதில் வானத்தின் மேல் ஓடும் பகுதி சுலபம், ஸ்பாட் ஹீலிங் போதும். சிக்கல் ஒயர் கட்டடத்தைத் தொடும் இடத்தில்தான். ஹீலிங் கருவி பக்கத்து நிறத்தை இழுத்துக்கொண்டு வந்து விளிம்பில் ஒரு அழுக்குத் திட்டு வைக்கும். விளிம்பை ஒட்டி செலக்ஷன் போட்டு, அதற்குள் க்ளோன் ஸ்டாம்பை ஹார்ட்னஸ் 80, 90-இல் வைத்து, வானத்தைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் செய்ய வேண்டும். செங்கல் சுவரென்றால் வரி பார்த்து க்ளோன் செய்ய வேண்டும். 1892-இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் போன்ற சிவப்புச் செங்கல் முகப்பில் ஒரு செங்கல் வரி அரை பிக்சல் பிசகினாலும் அந்த இடம் சுவரில் வைத்த ஒட்டுப் போலத் தெரியும். பக்கவாட்டில் ஓடி மறையும் சுவருக்கு ஃபோட்டோஷாப்பில் வானிஷிங் பாயிண்ட் என்றொரு பழைய கருவி இருக்கிறது. சுவரின் தளத்தை நாலு மூலையில் குறித்துக் கொடுத்தால், க்ளோன் செய்யும்போது தூரத்துக்கேற்ப அதுவே செங்கல்லைச் சிறிதாக்கிக்கொள்ளும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஜெனரேட்டிவ் ஃபில்லைச் சின்னச் சின்னத் துண்டாகப் பயன்படுத்துங்கள். பெரிய இடத்தை ஒரே வீச்சில் நிரப்பினால் அந்த இடம் மட்டும் சுற்றியிருப்பதைவிட மெத்தென்று, கிரெய்ன் இல்லாமல் வழவழவென்று கிடக்கும், ஐந்தடி அச்சில் முதலில் கண்ணில் படுவது அதுதான். எந்தக் கருவியில் நிரப்பினாலும் கடைசியில் அந்தத் திட்டுக்கு மட்டும் நாய்ஸ் சேர்த்துச் சுற்றுப்புறத்தோடு சமன் செய்ய வேண்டும்.

மனிதர்களை நீக்குவதற்கு எடுக்கும்போதே வழி செய்துகொள்ளலாம். கேமரா அசையாமல், சில விநாடி இடைவெளியில் 12 முதல் 15 படம். பிறகு ஸ்டேட்டிஸ்டிக்ஸில் மீடியன் கொடுத்தால் நகர்ந்தவர்கள் எல்லாம் காணாமல் போவார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எல்லோரையும் துடைத்துவிடாதீர்கள். அதிட்டானத்தின் (சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தின்) ஓரம் ஒருவர் நடந்தால்தான் அந்தக் கல்லின் உயரம் தெரியும்.

நிறத்துக்கு வருவோம். கட்டடப் படத்தில் கடினமானது வெள்ளை. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையைப் பகலில் எடுத்தால் வெயில் படும் முகம் மஞ்சளாகவும், நிழல் முகம் வானத்தை வாங்கி நீலமாகவும் இருக்கும். நீலத்தை முழுக்க எடுத்தால் நிழல் செத்துப்போகும், அப்படியே விட்டால் அச்சில் சுவருக்கு நீலம் அடித்தது போல இருக்கும். நிழல் பகுதிக்கு மாஸ்க் போட்டு நீலத்தின் செறிவைப் பாதியாகக் குறைப்பது எனக்குச் சரியாக வருகிறது. வெயில் படும் வெள்ளை, 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில், 248-ஐத் தாண்டக் கூடாது. 255 என்றால் அந்த இடத்தில் பிரிண்டர் மையே தெளிக்காது, வெறும் காகிதம் தெரியும். பளபளப்புக் காகிதத்தில் அந்த வெற்றிடம் சாய்வாகப் பார்க்கும்போது வேறு மினுக்கத்தோடு தனியாகத் தெரியும்.

செட்டிநாட்டு வீடுகளின் உள்ளே சிக்கல் வேறு. வளவில் (நடு முற்றத்தில்) மேலிருந்து விழும் வானொளி நீலம், பட்டாலையில் (கூடத்தில்) எரியும் பல்பு மஞ்சள், பர்மா தேக்குத் தூண் இரண்டையும் வாங்கிக்கொண்டு நிற்கும். ஒரே ஒயிட் பேலன்ஸில் இது தீராது. ஒரே ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) இரண்டு நிற வெப்பநிலையில் எடுத்து, மாஸ்க்கில் கலக்க வேண்டும். ஆத்தங்குடித் தளக்கல்லின் பூ வேலை திரும்பத் திரும்ப வருவதால், லென்ஸின் வளைவும் மோரே எனப்படும் அலைக்கோலமும் அங்கேதான் முதலில் வெளியே வரும். ஜாலி (துளை வேலைச் சுவர்), ஓட்டுக்கூரை, ஷட்டர் கதவும் இப்படித்தான். படத்தை இறுதி அளவுக்கு நீங்களே மாற்றி 100 சதவீதத்தில் பாருங்கள். அந்த வேலையைப் பிரிண்டர் ட்ரைவரிடம் விட்டால் இல்லாத அலையை அது கொண்டுவந்து சேர்க்கலாம்.

அச்சு இருட்டாக வந்துவிட்டது என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். பெரும்பாலும் தவறு அச்சில் இல்லை, திரை 250, 300 நிட்டில் (திரை வெளிச்சத்தின் அலகு) எரிந்துகொண்டிருக்கும். திரையை 80 முதல் 120 நிட்டுக்குள் இறக்கி, கலரிமீட்டர் வைத்துக் காலிப்ரேட் செய்து, அறை விளக்கைக் குறைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். அடுத்தது சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது. லேப்பிடம் அவர்களுடைய பிரிண்டருக்கும் காகிதத்துக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை (நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்றால் வேறு லேப் பாருங்கள். பருத்தி மேட் காகிதத்தின் கறுப்பு, மினுக்கமுள்ள பாரைட்டா காகிதத்தின் கறுப்பைப் போல ஆழமாக இருக்காது. 8 பிட் அளவில் 15, 20-க்குக் கீழே உள்ளதெல்லாம் மேட்டில் ஒரே இருளாகக் கூடிவிடும். மண்டபத்தின் உள்நிழலில் தூண்கள் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பகுதியை மட்டும் 25, 30-க்கு ஏற்றிவிட வேண்டும். திரையில் வெளிறித் தெரியும், காகிதத்தில் சரியாக இருக்கும். கருங்கல்லுக்கு நான் பருத்தி மேட் காகிதத்தையே தேர்ந்தெடுப்பேன், 300 ஜிஎஸ்எம்முக்கு மேல். கல்லின் சொரசொரப்புக்கும் காகிதத்தின் சொரசொரப்புக்கும் பொருத்தம் இருக்கிறது, விளக்கும் அதில் பிரதிபலிக்காது. கண்ணாடி முகப்புள்ள புதிய கட்டடங்களுக்குப் பாரைட்டா.

வினைல், ஃப்ளெக்ஸ் அச்சில் நீல வானம் ஊதாவாக மாறுவது தீராத் தலைவலி. நீலத்தில் சயானும் மஜந்தாவும் நெருங்கி வந்தால் மை ஊதாவுக்குச் சாயும். சிஎம்ஒய்கே-வில் வானத்தைத் தொட்டு எண்ணைப் பாருங்கள், சயானுக்கும் மஜந்தாவுக்கும் 30 புள்ளியாவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஜந்தாவைக் குறையுங்கள். வானத்தில் பட்டை பட்டையாகப் படி விழுவதற்குக் காரணம் 8 பிட்டில் வேலை செய்ததுதான். ராவிலிருந்து கடைசி வரை 16 பிட்டில் இருந்து, முடிவில் வானத்துக்கு ஒரு சதவீத நாய்ஸ் சேர்த்தால் படி தெரியாது.

ஷார்ப்பனிங் இறுதி அளவில், இறுதி லேயராக. 300 பிபிஐ கோப்புக்கு ரேடியஸ் 1 முதல் 1.5. விளிம்பைச் சுற்றி உண்டாகும் வெள்ளைக் கோடு காகிதத்தில் நூறில் ஒரு அங்குலத்தைத் தாண்டினால், விமானத்தின் ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டது போலத் தெரியும். வானத்தையும் பூச்சுச் சுவரையும் மாஸ்க் போட்டு விலக்கிவிட வேண்டும். மேட் காகிதத்தில் மை கொஞ்சம் ஊறிப் பரவுவதால் திரையில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவே அங்கே சரி.

எப்சன் பிரிண்டர்களுக்கு 360, கேனானுக்கு 300 பிபிஐ இயல்பான எண்கள், அதற்கே மாற்றிக் கொடுப்பது நல்லது. 40-க்கு 60 அங்குலம் 300-இல் 12,000-க்கு 18,000 பிக்சல். 8 பிட்டில் சுமார் 650 எம்பி, 16 பிட்டில் 1.3 ஜிபி. லேயர்களோடு பிஎஸ்டியில் சேமிக்க முயன்றால் 2 ஜிபி வரம்பில் முட்டும், பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி-யில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்புக்கு லேயர் இல்லாத டிஃப், ப்ரொஃபைல் உள்ளே பதிந்ததாக. கோப்பின் பெயரிலேயே அளவையும் காகிதத்தையும் எழுதி, அளவை மாற்றாமல் 100 சதவீதத்தில் அச்சிடச் சொல்லிவிடுங்கள். நீங்களே அச்சடிப்பதானால் நிறத்தை ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்ளும்போது ட்ரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைக்க வேண்டும். இரண்டும் ஓடினால் ப்ரொஃபைல் இரு முறை ஏறி, படம் ஒரு பக்கமாக நிறம் சாய்ந்து வரும்.

முழு அச்சுக்கு முன்னால் டெஸ்ட் ஸ்ட்ரிப். படத்தைச் சிறிதாக்கி ஏ4-இல் அச்சடித்துப் பார்ப்பது நிறத்துக்கு மட்டும்தான் உதவும், கூர்மையைப் பற்றி எதுவும் சொல்லாது. இறுதிக் கோப்பிலிருந்தே, அளவு மாற்றாமல், 8 அங்குல அகலத்தில் மூன்று துண்டு வெட்ட வேண்டும். சிகரமும் வானமும் சேரும் இடம் ஒன்று, மண்டபத்து நிழல் ஒன்று, கல்வெட்டு ஓடும் அதிட்டானம் ஒன்று. மை காய ஒரு நாள் விட்டு, படம் மாட்டப்போகும் இடத்து விளக்கிலேயே பார்க்க வேண்டும். 3000 கெல்வின் எல்ஈடி விளக்கில் நீல வானம் சாம்பலாகும், கருங்கல் செம்மையாகும். அந்த விளக்குத்தான் நிரந்தரம் என்றால் கோப்பையே அதற்கேற்பச் சற்றுக் குளிர்ச்சியாக்கிக் கொடுக்கலாம்.

கான்வாஸைக் கட்டடப் படத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கும்போது துணி சீராக நீளாது, ஓரத்தில் நிற்கும் தூண் மெல்ல வளையும். கேட்பவர் பிடிவாதமாக இருந்தால் ஓரத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குள் எந்த நேர்கோடும் வராதபடி வெட்டி, மடிப்புக்கு நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். சுவர் முழுக்க ஒட்டும் வால்பேப்பருக்குப் பட்டைகளாகப் பிரிக்கும்போது 10 முதல் 20 மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். இணைப்பு தூணின் விளிம்பில் விழக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே தூணுக்கு இரண்டு விளிம்பு வந்துவிடும். சிற்பமும் நிழலும் நிறைந்த இடத்தில் இணைப்பை ஒளித்துவிடலாம். பிரிண்டரின் ஒரு ஓரத்தில் மை கொஞ்சம் அடர்த்தியாக விழும் பழக்கம் இருந்தால், பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக அச்சடிக்கச் சொல்லுங்கள். அடர்ந்த ஓரம் அடர்ந்த ஓரத்தோடு சேரும், நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது.

காகித அச்சைச் சுற்றி இரண்டு அங்குல வெள்ளை விடுங்கள். ஐந்தடித் தாளை ஃப்ரேம் கடையில் இருவர் பிடித்துத் தூக்கும்போது விரல் படுவது அந்த வெள்ளையில்தான் இருக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பருத்திக் காகிதம் அலை அலையாக நெளியும், அதனால் ரோலை அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் முன்பாக வைத்துவிட வேண்டும். இந்த அளவுக்கு மேல்முனையில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவது போதாது, 3 மில்லிமீட்டர் அலுமினியக் கூட்டுத் தகட்டில் முழுதாக ஒட்டி, முன்னால் கண்ணாடி போடுவதானால் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் மை அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.